நடக்காததற்கு ஒரு சாட்சி

நடந்த ஒன்றுக்குச் சாட்சி தேடுவது சுலபம். நடக்கவே நடக்காத ஒன்றுக்கு எங்கே போவது? பங்குத்தந்தைக்கு ஒரு வாரமாக இதே மண்டைக் குடைச்சல்.

கடைசியில் வழி கிடைத்தது. பெற்ற தாயைவிட நல்ல சாட்சி யார்? எதிர் பெஞ்சில் மாமியாரும் மருமகளும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்க மகன் எப்பவாவது ஞானஸ்நானம் வாங்கியிருக்காராம்மா?”

“அவனா? எங்க கோயிலுக்கே வரமாட்டான், உங்க கோயிலுக்கா வரப்போறான்?” மாமியார் மூக்கை உறிஞ்சினாள். “ஈரல் கெட்டுச் சாகக் கிடந்தப்ப, இவ கையைப் பிடிச்சுக்கிட்டு ‘உன் சாமியையே கும்பிடறேன், காப்பாத்து’ன்னு அழுதான். எழுந்து வந்து ஒரு வருஷம் ஒழுங்கா குடித்தனம் பண்ணினான். அப்புறம் அதே கையை முறிச்சான், பாவி.”

மருமகள் சட்டைக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கோர்ட்டில் விவாகரத்து என்றோ முடிந்துவிட்டது. மாதா கோயிலில் மாலை மாற்றினால்தான் இன்னொரு கல்யாணம் என்று அவள் சொல்லிவிட்டதால், மனைவியை இழந்த ஆசிரியர் ஒருவர் வெளியே மரத்தடியில் பைக்கோடு காத்திருந்தார்.

பங்குத்தந்தைக்கு உற்சாகம் பிறந்தது. விளக்கம் சொல்வதென்றால் அவருக்குப் பசிகூடத் தெரியாது.

“கேளும்மா. கோர்ட் கொடுக்கிற விவாகரத்து திருச்சபையில செல்லாது. ஆனா ஞானஸ்நானம் வாங்கின நீ, வாங்காதவரைக் கட்டினே. அந்த முடிச்சை உன் விசுவாசத்துக்காகப் போப்பாண்டவர் அவிழ்க்கலாம். உன் புருஷனும் ஞானஸ்நானம் வாங்கி, அதுக்கப்புறமும் நீங்க சேர்ந்து வாழ்ந்திருந்தா, போப்பாண்டவராலயும் முடியாது.”

“அதான் அவன் வாங்கலையே!” என்றாள் மாமியார். “இந்தப் பொண்ணாவது நல்லா இருக்கட்டும். எங்க வேணா சத்தியம் பண்றேன்.”

“அவசரப்படாதீங்கம்மா. சாமியார்தான் ஊத்தணும்னு இல்ல. சாகக் கிடக்கிறவர் கேட்டா யார் வேணும்னாலும் ஊத்தலாம். நர்ஸ் ஊத்தலாம், பக்கத்துக் கட்டில்காரர் ஊத்தலாம். பச்சைத் தண்ணி போதும். ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே’ன்னு சொல்லி ஊத்தினா முடிஞ்சுது. எங்கேயும் பதியலைன்னாலும் செல்லும். அதனாலதான் இவ்வளவு நோண்டி நோண்டிக் கேக்கறேன்.”

மருமகள் ஜன்னல் வழியே பார்த்தாள். ஆசிரியர் இரண்டாவது ஹெல்மெட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரியில, டம்ளர்ல... நான் ஊத்தினதும் செல்லுமா, ஃபாதர்?”