ஒரு மணிக்கு வருபவர்

“பட்டப்பகல் ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து என்னம்மா பண்றீங்க?”

கேட்டவர் ‘தூக்க சார்’. ஆலையில் அவருக்கு அதுதான் பெயர். இரவு ஷிப்டுக்காரர்கள் வீட்டில் எப்படித் தூங்குகிறார்கள் என்று கணக்கெடுக்க, எல்லார் கையிலும் தூக்கத்தைப் பதிவு செய்யும் ஒரு மின்னணுப் பட்டையைக் கட்டிவிட்ட புள்ளியியல் நிபுணர்.

எதிரே பிரஸ் மெஷின் ஓட்டும் அக்கா. முந்தின இரவு மெஷின் முன்னாலேயே கண்ணயர்ந்துவிட்டாள். விரல்கள் தப்பியது மயிரிழையில். வேலை தப்புமா என்பது சார் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது.

“நானா எழுந்திருக்கல சார். யாரோ மணிக்கட்டைத் தொட்டு எழுப்புறாங்க. கண்ணைத் திறந்தா யாருமில்ல. அப்புறம் எங்க தூக்கம் வருது?”

“யாரோன்னா?”

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “போன வருஷம் தவறிப்போன எங்க சூப்பர்வைசர். யாராவது தூங்கி விழுந்தா அவர் இப்படித்தான் தொட்டு எழுப்புவாரு. எனக்கு மட்டுமில்ல சார், எங்க ஷிப்டுல எல்லார்கிட்டயும் வர்றாரு.”

சாருக்குச் சிரிப்பு வந்தது. கணினித் திரையைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. வெவ்வேறு தெரு, வெவ்வேறு வீடு. ஆனால் தினமும் அத்தனை பேருடைய தூக்கமும் அதே நிமிடத்தில் கலைந்திருந்தது.

தற்செயல் என்று எந்தக் கணக்கும் இதை ஒப்புக்கொள்ளாது. மிச்சமிருப்பது பேய், இல்லாவிட்டால் சதி. சார் படித்தவராயிற்றே, சதியை நம்பினார்.

“எல்லாரும் பேசி வச்சு அலாரம் வைக்கிறீங்க. என் காதுலயே பூ சுத்துறீங்களா?”

“என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல சார்!” அக்கா அழுதேவிட்டாள்.

‘வேண்டுமென்றே தூங்குவதில்லை. பணிக்குத் தகுதியற்றவர்.’ எழுதிக் கையெழுத்தும் போட்டார். மறுநாள் மாலை மானேஜரிடம் கொடுக்க வேண்டும்.

அன்றிரவு அவருக்குப் பொட்டுத் தூக்கமில்லை. அவள் அழுத முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுநாள் பகல், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று, தானும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு அலுவலக ஓய்வறையில் தாழ்போட்டுப் படுத்தார். படுத்ததும் அசந்துபோனார்.

யாரோ அவர் மணிக்கட்டைத் தொட்டார்கள்.

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அறையில் யாருமில்லை. போட்ட தாழ் போட்டபடி இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று.

பட்டைகளைப் பராமரிக்கும் டெக்னீஷியனுக்கு உடனே போன் போட்டார். “இங்க... என்னை யாரோ தொட்டாங்கய்யா!”

“பட்டை கட்டியிருக்கீங்களா சார்? அப்ப அதுதான். கையில இருக்கா, கழட்டி வச்சுட்டாங்களான்னு தெரிஞ்சுக்க தினமும் ஒரு தடவை லேசா அதிரும். ஒரு நொடிதான்.”

“ஒரு மணிக்கா? எந்த மடையன்யா அந்த நேரத்தை வச்சது?”



“நீங்கதான் சார். ‘ஒரு மணிக்கு வை, பட்டப்பகல்ல எவன் தூங்கப் போறான்’னு சொன்னீங்களே!”