பொது வெயில்

தெருமுனை திரும்பியதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தெரு முழுக்க இருட்டு. அது தெரிந்த விஷயம்தான். மதியமே டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது, நாளைக்குத்தான் கரண்ட் வரும் என்று அவள் வேலை பார்க்கும் செருப்புக் கடைக்கே செய்தி வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒருவருக்கு இரண்டும் இடது காலாகக் கொடுத்தனுப்பி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பின்னே, இப்படி ஒரு நாளுக்காக அல்லவா காத்திருந்தாள்! ஊரே இருண்டு கிடக்க, அவர்கள் குடியிருப்பு மட்டும் ஜெகஜ்ஜோதியாக நிற்கப்போகும் நாள்.

அந்தக் குடியிருப்பும் இருட்டாகத்தான் நின்றது. ஒரு ஜன்னலில்கூடப் பொட்டு வெளிச்சம் இல்லை.

மொட்டைமாடியில் சோலார் பலகைகள், கீழே மீட்டர் அறையில் பேட்டரி. இரண்டும் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. குடியிருப்பவர்களே பங்கு போட்டு வாங்கியவை. வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சி, சண்டை பிடித்து, நாக்குத் தள்ளி அவள்தான் சாதித்தாள். அதில் அவளுக்கென்று தனியாகக் கிடைத்தது 'சோலாரக்கா' என்ற பட்டப்பெயர்.

ஒரே ஒரு வீடு மட்டும் சேரவில்லை. அதுவும் அவளுடைய எதிர்வீடு. அங்கிருந்த ரிட்டயர்டு மனிதர், "வெயிலை உண்டியல்ல போட்டு வைக்கப் போறீங்களா?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் அவளைச் சீண்டினார். அவளுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பங்கு போடாத வீட்டுக்கு இதிலிருந்து ஒயர் போகாது என்று விதி எழுதி, எல்லாரையும் கை தூக்க வைத்தாள்.

இன்று பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் இப்படி ஒன்று தொடங்குவதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போகும் அன்றைக்கு எங்கள் பில்டிங்கைப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள் என்று சவால் விட்டிருந்தவளும் அவள்தான்.

"என்ன சோலாரக்கா, உங்க வெயிலும் தூங்கப் போயிடுச்சா?"

அவள் நேராக மீட்டர் அறைக்குள் ஓடினாள்.

பேட்டரி பச்சை விளக்கோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. முக்கால்வாசிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஒரு கோளாறும் இல்லை. எங்கோ ஏதோ ஒன்று மட்டும் அதிலிருந்து கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

முதல் மாடியில் டீச்சரின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. டீச்சர் செல்போன் வெளிச்சத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"சத்தமா கேக்காதீங்கக்கா. நான் மட்டும்தான் எல்லாத்தையும் அணைச்சிருக்கேன். மத்தவங்க வீட்ல குழந்தைங்க இருக்கு, போட்டுக்கட்டும். காலைல வெயில் வர்ற வரைக்கும் தாங்கணும் இல்ல?"

எது தாங்க வேண்டும்? அவள் கேட்பதற்குள் டீச்சர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் மாடியில் டாக்ஸிக்காரரின் குடும்பம் இருட்டில் தட்டைத் தடவித் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தங்கள் வீடு மட்டும்தான் அணைத்திருக்கிறது, பெரிதுபடுத்த வேண்டாம் என்று அவரும் கிசுகிசுத்தார். அவருக்கு அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. பக்கத்து வீடு இருட்டாக இருப்பதை யாரும் எட்டிப் பார்த்திருக்கவில்லை.

அவள் குடியிருக்கும் மூன்றாம் மாடிக்கு வந்தபோது செல்போன் வெளிச்சத்தில் தரையில் ஏதோ நீளமாகத் தெரிந்தது.

ஒயர். நடைவழியின் குறுக்கே தரையோடு தரையாகக் கிடந்த அது எதிர்வீட்டுக் கதவுக்கு அடியில் நுழைந்து மறைந்தது.

கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. புஸ்ஸென்று ஒரு மூச்சு, சின்ன இடைவெளி, மறுபடி ஒரு மூச்சு.

அந்த மனிதரின் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கூடவே வந்த ஆக்ஸிஜன் மெஷின். அது வந்த பிறகும் அவர் இறங்கி வந்து கேட்கவில்லை. அவளும் விதியைத் தளர்த்தவில்லை. கேட்டால் கொடுப்போம் என்று இருந்துவிட்டாள்.

மதியம் கரண்ட் போனதும் மெஷினின் அலாரம் வீறிட்டுக் கத்தியிருக்க வேண்டும். மாடிப்படி முழுக்க அது கேட்டிருக்கும். பிறகு, இந்த ஒயர் வந்ததும், சட்டென்று நின்றிருக்கும்.

விதியை மீறிக் கரண்ட் கொடுத்தது யார்? செல்போனைத் தாழ்த்தி ஒயரின் மறுமுனையைத் தேடிக்கொண்டு போனாள்.

அது அவள் வீட்டு வாசலுக்குள் போயிற்று.

யாரும் தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று அவள் கணவன் ஒயருக்குப் பக்கத்திலேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் முந்திக்கொண்டான்.

"உன் விதிப்படி கரண்ட் நம்ம வீட்டுக்குத்தான் வருது. வந்ததுக்கப்புறம் அது எங்க போனா உனக்கென்ன?"

அவள் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே பார்த்தாள். மாடிக்கு மாடி இருட்டு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும், தான் மட்டும்தான் அணைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு குடும்பம். இத்தனை வருஷம் பழகிய ஜனங்கள். இவர்களை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதாகத் தோன்றியது.

"என்னக்கா, ரிப்பேருக்கு ஆள் வரச் சொல்லணுமா?" தெருவிலிருந்து குரல் வந்தது.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"வேண்டாம்! எல்லாம் நல்லா வேலை செய்யுது!"

கீழே இருந்தவர்கள் நாற்காலிகள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கணவனுக்கு எதிரே ஒயரின் மறுபக்கம் அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

கதவுக்குப் பின்னால் மெஷின் இன்னொரு மூச்சு விட்டது.