கசப்பிலைச் சட்டம்

காட்டில் கசப்பிலை மெல்லுவது குற்றம் என்று சட்டம் வந்தது. அதை எழுதிக் கொடுத்தது கரடிகளின் சர்க்கரை ஆலை. காவல் நாய்களுக்குச் சர்க்கரைக் கட்டிகளை இலவசமாகக் கொடுப்பதும் அந்த ஆலைதான்.

மருதி என்ற தேவாங்கு பல்வலிக்கு அந்த இலையை மென்றது. சடையன் என்ற காவல் நாய் மருதியைப் பிடித்துச் சிறைக்கு இழுத்துப் போனது.

"வலி தாங்கலைங்க ஐயா," என்றது மருதி.

"இப்படித்தான் ஆரம்பிக்கும். அப்புறம் அது இல்லாம இருக்க முடியாது," என்றது சடையன்.

பாதி வழியில் சடையனின் கால்கள் நடுங்கின. பையில் சர்க்கரை தீர்ந்திருந்தது. அப்படியே சுருண்டு விழுந்தது. மருதி ஓடவில்லை, அதன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"குட்டியிலேயே பழக்கிட்டாங்க. விடப் பார்த்தேன், முடியலை," என்று சடையன் அழுதது.

"இந்தத் தடவை நான் கூட இருக்கேன்," என்றது மருதி.

நான்கு நாள் இரண்டும் ஒரு மரத்தடியிலேயே கிடந்தன. ஐந்தாம் நாள் சடையன் தெளிந்து எழுந்தபோது, தேடி வந்த மற்ற நாய்கள் ஒரு சர்க்கரைக் கட்டியை நீட்டின.

"வேண்டாம்," என்றது சடையன்.

"சர்க்கரை வேண்டாமா? அப்போ நீயும் இலைதான் மெல்லுறே!" என்று இரண்டையும் கைது செய்தன.

"சிறை ரொம்ப தூரம். முதுகில ஏறிக்கோ," என்று சடையன் மருதிக்குக் குனிந்து கொடுத்தது.