மல்லியின் நாலாவது கால்

அவள் குதிரையின் வலது பின்னங்காலை அசையாமல் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் பிரஷ்ஷை முக்கி முக்கி அதில் வெள்ளை பூசினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேன்வாஸ் ஷூவுக்குப் பூசுகிற அதே வெள்ளை.

மல்லிக்கு நெற்றியில் வெள்ளை உண்டு. மூன்று கால்களில் உண்டு. இந்த ஒரு கால் மட்டும் செம்மண் நிறம்.

நாலு காலும் நெற்றியும் வெளுத்திருந்தால் அது பஞ்சகல்யாணி. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதைத்தான் கேட்கிறார்கள். இல்லாத வெள்ளையைக் கொண்டுவந்தால்தான் அவனுக்குப் பிழைப்பு.

அவள் கதை தலைகீழ்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்தது. முதலில் இடது கணுக்காலில் ஒரு வெள்ளைப் பொட்டு. இப்போது பாதம்வரை இறங்கிவிட்டது. பித்தவெடிப்பு என்று சொல்லி, சித்திரை வெயிலிலும் சாக்ஸோடு நடமாடினாள். முழுப் பூசணிக்காயைச் சாக்ஸுக்குள் மறைக்கிற கெட்டிக்காரி!

ஆனால் பயம் நிஜம். அவள் பெரியம்மா மகளை இதே வெள்ளைக்காகத்தான் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

அவன் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் ஊற்றி, மல்லியின் நிஜ வெள்ளைக் கால்களை நீவத் தொடங்கினான்.

"வெள்ளக் காலுதான் புள்ள பாவம். வெயிலும் ஆவாது, சேறும் ஆவாது. நாமதான் பாத்துக்கோணும்."

அத்தனை பெரிய கை, அத்தனை மெதுவாகப் போனது.

அவள் குனிந்து சாக்ஸைக் கழற்றினாள்.

அவன் பார்த்தான்.

மல்லி வாலைச் சுழற்றி ஈ ஓட்டியது.

அவன் எண்ணெய்க் கையோடு நகர்ந்து வந்து, அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மேலிருந்து கீழாக நீவினான். மல்லிக்கு நீவுகிற மாதிரியேதான்.

அவள் அழுதாள். அழுது முடிக்கும்வரை அவன் நீவிக்கொண்டிருந்தான்.

பிறகு எழுந்து, ஈரத்துணியால் மல்லியின் பின்னங்காலைத் துடைத்தான். பூசிய வெள்ளை கரைந்து செம்மண் நிறம் எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க, மாப்ள ஊட்டுக்காரங்க வேண்டாம்னுட்டா?"

"சொன்னாச் சொல்லட்டும்."

வாசலில் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கிக் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவள் உள்ளே ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ஏப்பா, பஞ்சகல்யாணின்னுதான சொன்ன? நெத்தியச் சேத்தாலும் நாலுதான வருது?"

"மிச்சம் ஒண்ணு ஊட்டுக்குள்ள இருக்குதுங்க" என்றான் அவன், சிரிக்காமல்.

தாய்மாமன் வீட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"செரி செரி, ஓட்டீட்டு வா."

லாடச் சத்தம் தெருவில் இறங்கியது. அவள் வெறுங்காலோடு, வெயில் படாத ஓரமாகப் பார்த்து, வாசலில் வந்து நின்றாள்.