சிவப்பு நூல் கட்டிய வசம்பு

வசம்பைச் சுடரில் காட்டினாள். கருகி மணந்தது.

தொட்டிலில் பிள்ளை வீறிட்டது. மத்தியானம் பிடித்த அழுகை. பால் கொடுத்தாள், தொட்டிலில் போட்டாள், ஆட்டினாள். மறுபடியும் அழுகை. காய்ச்சல் இல்லை. வயிறுதான் உப்பிக் கிடந்தது.

வயிற்று உப்பலுக்கு ஊரறிந்த மருந்து இது. சுட்டு, தாய்ப்பாலில் இழைத்து, நாக்கில் தடவுவார்கள்.

தடவவே கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள்தான். ஊர் நர்ஸ். அளவு கூடிப்போனால் பிள்ளை மயங்கிவிடும். அப்படிக் கண் செருகிய ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள்.

அவள் சொன்னால் ஊர் கேட்கும். அவ்வளவு அதட்டல்.

போன மாதம் தடுப்பூசி போடும் இடத்தில், அத்தனை பேர் பார்க்க, அடுத்த வீட்டு முத்துப்பேச்சியிடம் கை நீட்டினாள்.

"கொண்டா அத. பிள்ளயக் கொல்லப் போறியா?"

பேச்சி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு நூல் கட்டிய வசம்புத் துண்டு. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இப்போது அந்தத் துண்டுதான் அவள் கையில். நூலை அவிழ்த்து விளக்கோரம் போட்டிருந்தாள்.

ஒரு துளிதானே. அளவு எனக்குத் தெரியாதா?

கல்லில் இழைத்தாள். சுண்டுவிரலில் தொட்டாள்.

வாசலில் நிழல் விழுந்தது. அழுகைச் சத்தம் கேட்டு பேச்சி வந்திருந்தாள்.

பேச்சி விளக்கைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள்.

கேட்கட்டும், நான் கேட்ட மாதிரியே கேட்கட்டும் என்று நர்ஸ் நின்றாள்.

பேச்சி கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தாள்.

பெரிய மனுஷன் மாதிரி ஓர் ஏப்பம் வந்தது. கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு, பிள்ளை ஓய்ந்தது.

"பால் குடுத்ததும் தோள்ல போட்டுத் தட்டணும்னு நீங்கதானக்கா சொன்னிய. எம்பிள்ளைக்கு இப்ப அதான் செய்யுதேன்."

பிள்ளையை இறக்காமல், மறு கையை நீட்டினாள்.

அவள் வசம்பை அந்தக் கையில் வைத்தாள். நூலையும் எடுத்து வைத்தாள்.

பேச்சியின் கை நீட்டியபடியே இருந்தது. நர்ஸின் சுண்டுவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதயும் கழுவிட்டு வாங்க. பிள்ளயத் தாரேன்."

அவள் போய்க் கழுவினாள். சோப்புப் போட்டு.