காலெலும்பு அக்காவும் கடுகளவுத் தங்கையும்

ஒரு கோழியின் உடம்புக்குள்ளே காலெலும்பு அக்காவும் கழுத்துச் சுரப்பித் தங்கையும் குடியிருந்தார்கள். தங்கை கடுகளவுதான், குரலோ உடம்பு முழுக்கக் கேட்கும்.

“அக்கா, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிட்டது. கொஞ்சம் சுரண்டிக் கொடு!”

“நேற்றுத்தானே முட்டை ஓட்டுக்கென்று வாங்கிப் போனாய்? உடம்பெல்லாம் குழியாகிவிட்டதடி. இன்னும் கொடுத்தால் ஒடிந்துவிடுவேன். குடலிலே கிளிஞ்சல் தூள் குவிந்து கிடக்கிறதே, அங்கே போய்க் கேளேன்.”

“கேட்காமலா இருப்பேன்? குடல் கதவைத் திறக்கிறவள் வைட்டமின் டி. வெயில் பட்டால்தான் அவள் வருவாள். நம் கோழியோ பருந்துக்குப் பயந்து கூடையைவிட்டு வெளியே வருவதே இல்லை. நீ தராவிட்டால் இதயம் நின்றுவிடும், அக்கா.”

அக்கா முணுமுணுத்துக்கொண்டே சுரண்டிக் கொடுத்தாள்.

மறுநாள் கோழி நொண்டியது. வீட்டுக்காரி பதறிப்போய்க் கோழியைத் தூக்கிவந்து, தினமும் முற்றத்து வெயிலில் விட்டாள்.

சில நாள் கழித்து வைட்டமின் டி ஆடி அசைந்து வந்தாள்.

“வருகிற நேரமா இது?” என்று சீறினாள் தங்கை.

“ஈரல் வீட்டிலும் சிறுநீரக வீட்டிலும் சீர் செய்யாமல் அனுப்பமாட்டோம் என்றார்களே!” என்று சிரித்தபடி அவள் கதவைத் திறந்தாள்.

சுண்ணாம்புச் சத்து பொங்கி வந்தது. அக்காவின் குழிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. தங்கையின் சத்தம் அடங்கியது. அது அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்டி, தொண்டை கட்டிக்கொண்டதா?”

“கேட்க ஒன்றும் இல்லையே, அக்கா. வேறென்ன பேசுவது?”

“நான் எப்படி இருக்கிறேன் என்று கேளேன்.”