பெட்டிக்குள் வைத்த கடதாசி

தோட்ட ஆபீசிலிருந்து கணக்கு எழுதும் கிராணி சரவணமுத்து கூப்பிட்டனுப்பியதும், புகையில் உலர்த்திய றப்பர் ஷீட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மரியாயி வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். புகை வாடை அடிக்கும் கைகளை முந்தானையில் துடைத்தபடி, மகள் மெட்டில்டாவையும் கூட்டிக்கொண்டு ஓடினாள்.

"அமெரிக்காவுக்குப் போன பெட்டியிலை கடதாசி வைச்சது ஆர்?"

"எழுதுனது நான்தாங்க ஐயா," என்றாள் மெட்டில்டா. "ஹைஸ்கூல்ல உலக வியாபாரம் படிக்கிறோம். நம்ம றப்பர் யாரு கைக்குப் போகுதுன்னு புஸ்தகத்துல இல்லீங்க. அதான் கேட்டேன்."

"உள்ள வச்சது நானுங்க," என்று மரியாயி கும்பிட்டாள். "வேலய விட்டு நிப்பாட்டிறாதீங்க சாமி!"

கிராணி ஒரு கடிதத்தை நீட்டினார். "பதில் வந்திருக்கு. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு பிள்ளை."

மெட்டில்டா இங்கிலீஷைத் தமிழாக்கி வாசித்தாள்.

"தொழிற்சாலையில் உங்கள் பெட்டிகளை உடைப்பவள் நான். எத்தனை முறை கழுவினாலும் என் கையில் இந்தப் புகை வாடை போவதில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஹைஸ்கூலில் படிக்கும் என் மகள்தான் இதை எழுதுகிறாள். அங்கே பெட்டியை அடுக்குவது யார்?"

மரியாயி தன் கையை மெல்ல முகர்ந்து பார்த்தாள்.

"எழுது புள்ள," என்றாள். "நான்தான்னு எழுது."